ஆறிதழ்ச் செம்பருத்தி

வெள்ளூரணியில் பச்சை என்றால் அது அச்சடித்த பச்சைதான். ஊரைச் சுற்றிக் கரிசல் காடு, காட்டில் உடைமரம், உடைமரத்தில் முள், அதற்கு மேலே வானம், இவ்வளவுதான் அங்கே கண்ணுக்கு அகப்படும். ஆனால் வெளியூர்க் கடைகளில் சோப்பு உறைகளிலும் பவுடர் டப்பாக்களிலும் தைலப் புட்டிகளிலும் தளதளவென்று படர்ந்து நிற்கிற துளசிக்கும் வேம்புக்கும் கற்றாழைக்கும் பிறந்த ஊர் எது என்று விசாரித்துக்கொண்டே போனால், பெரும்பாலும் வெள்ளூரணியின் ஏதாவது ஓர் அச்சக வாசலில் கொண்டுபோய் விடும். குடிக்கிற தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்ற ஊர், ஊருக்கெல்லாம் இலை அனுப்பிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், சங்கரலிங்கம் தன்னுடைய மளிகைக் கடையின் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டித் திரும்பியபோது, மேல் தட்டில் வரிசையாக நின்ற மலைக்குழலி கூந்தல் தைலப் புட்டிகள் எல்லாவற்றிலும் செம்பருத்தி பூத்திருந்தது. லேபிளில் பூவின் படம் இருந்த இடத்தில் காகிதம் மெல்ல உப்பி, அதிலிருந்து காம்பு வெளியே வந்து, காம்பின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக விரிந்து, நடுவில் மகரந்தத் தண்டை நீட்டிக்கொண்டு கடையைப் பார்த்தபடி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, இப்படி விரிந்து நின்றால் பக்கத்துச் சாமான்களுக்கு இடம் போதாதே என்ற நினைப்பு வர, சீயக்காய்ப் பொட்டலங்களை எடுத்துக் கீழ்த்தட்டுக்கு மாற்றினார்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. லேபிளில் செம்பருத்திக்குப் பக்கத்தில் ஒரு கற்றாழையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் வரைந்திருந்தபடியால் அவையும் பின்னாலேயே முளைத்தன. மேல் மூலையில் இருந்த வட்ட முத்திரைக்குள் ஓர் இலை உண்டு, அதுவும் முளைத்தது. ‘நூற்றெட்டு மூலிகைகள், நூறு சதவீதம் இயற்கை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே, அந்த நூற்றெட்டில் பாக்கி எதுவும் வெளியே வரவில்லை. எழுத்து முளைக்கவில்லை, படம் மட்டும்தான் முளைத்தது. அதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடுகள் கடை வாசலில் வந்து நின்று கறிவேப்பிலையை மேய்ந்தன, கற்றாழையை முகர்ந்துவிட்டு நகர்ந்தன, முத்திரை இலைக்கு முன்னால் மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்து நின்றன. அது எந்தச் செடியின் இலை என்று ஆட்டுக்கும் தெரியவில்லை.

டீக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை.

“தண்ணி ஊத்தணுமாவே இதுக்கு?”

“எண்ணெயில வேர் விட்ட செடிக்கு எண்ணெயத்தான் ஊத்தணும்.”

“அப்ப ஒரு புட்டியக் காப்பாத்த இன்னொரு புட்டி வாங்கணும். வே, இது தைலக் கம்பெனி மொதலாளி பார்த்த வேலதான்.”

சாயங்காலம் ஆனதும் பூக்கள் சுருண்டு உதிர்ந்தன. மறுநாள் விடிந்ததும் அதே இடத்தில் புதிதாகப் பூத்தன. பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. கடைகளில் தட்டுகளின் இடைவெளியைக் கூட்டினார்கள். தைலம் வாங்குகிறவர்கள் தலைக்குத் தேய்ப்பதற்கு முன்னால் பூவைக் கிள்ளிக் கொண்டையில் வைத்துக்கொண்டார்கள், இலையை உருவி ரசத்தில் போட்டார்கள். ரசத்தில் இலேசாக ஒரு மை வாசனை வந்தது, நாலு நாளில் அந்த வாசனை இல்லாத ரசம் சப்பென்று இருப்பதாக ஆண்பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தார்கள். பூவுக்கு ஆறு இதழ் இருப்பதை முதலில் கண்டது முருகன் கோவில் பூசாரி. ஆறுமுகனுக்கு ஆறு இதழ், இதில் கேள்வி என்ன இருக்கிறது என்று அவர் அன்றைக்கே ஒரு புட்டியைக் கொண்டுபோய்க் கருவறைப் படியில் வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் செம்பருத்திக்கு ஐந்து இதழ் என்று பாடம் நடத்தியபோது பிள்ளைகள் எழுந்து நின்று, “நம்ம ஊர்ல ஆறு சார்” என்றார்கள். வாத்தியார், “பரீட்சைக்கு அஞ்சு, ஊருக்கு ஆறு” என்று தீர்த்து வைத்தார்.

தைலக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற உலகம்மாளுக்கு மட்டும் அந்தப் பூ வேறு விதமாக வந்து சேர்ந்தது.

அவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி யாரும் கேட்டதில்லை. மைதாப் பசையை விரல் நுனியால் தொட்டு, லேபிளின் நடுவை முதலில் அமுக்கி, பிறகு இரண்டு பக்கமும் தடவி, புட்டியின் அடியிலிருந்து சரியாக இரண்டு விரற்கடை மேலே, ஒரு நூல் ஏறாமல் ஒரு நூல் இறங்காமல் ஒட்டுவாள். பக்கத்தில் உட்காருகிறவள் ஒட்டியதில் கோணல் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் திருத்தி வைப்பாள். பூ முதன்முதலாகப் பூத்த அன்று காலையில் கம்பெனிக்குள் நுழைந்தபோது, முந்தின நாள் அவள் கையால் ஒட்டி அடுக்கிய புட்டிகள் அறை முழுக்கப் பூத்துக் கிடந்தன. மற்றப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உலகம்மாள் குனிந்து ஒரு பூவை முகர்ந்து பார்த்தாள்.

செம்பருத்திக்கு வாசனை கிடையாது. இது அவளுக்குத் தெரியும். தென்காசிப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டுக்கு வேலியே செம்பருத்திதான். இந்தப் பூவில் வாசனை இருந்தது. அச்சு மையும், மையைக் கழுவுகிற மண்ணெண்ணெயும், அதற்கு அடியில் கொஞ்சம் வேர்வையும் கலந்த வாசனை. அவள் இதழ்களை எண்ணினாள். ஆறு. அப்படியே பசைச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன மதினி, மயக்கமா வருது?” என்று கேட்டாள் பேச்சி. அவள் எண்ணெய் கலக்குகிறவள், வாய்க்காரி.

“ஒண்ணுமில்ல பேச்சி. எங்க வீட்டுக்காரர் சட்ட வாசம் அடிக்கி.”

அந்த லேபிளை வரைந்தது அவளுடைய புருஷன் ஆவுடையப்பன். கம்பெனிக்கு லேபிள் அச்சடித்த லித்தோ அச்சகத்தில் அவர் ஆர்ட்டிஸ்ட். கல்யாணமாகி உலகம்மாள் வெள்ளூரணிக்கு வந்து இறங்கிய வாரத்தில், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்த ஊர்ல இலையே கிடையாதா?” என்று கேட்டாள். அதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அச்சகத்திலிருந்து, யார் யாரோ வரைந்து நிறம் விலகிப் பழுதான தாள்களைச் சுருட்டி எடுத்துவந்து, பசை காய்ச்சி, அடுப்படிச் சுவர் முழுக்க ஒட்டிக் கொடுத்தார். வேப்பிலை, வெற்றிலை, மாவிலை, ஒரு சோப்புக் கம்பெனியின் வாழை. பச்சை ஓரிடத்திலும் அதன் கோடு இன்னோரிடத்திலுமாக அச்சாகி, எல்லா இலைக்கும் பக்கத்தில் அதன் ஆவி நிற்பதுபோல இருக்கும். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே அவள் இந்த ஊரில் சமைக்கப் பழகினாள்.

மலைக்குழலி தைலத்துக்குச் செம்பருத்தி வேண்டும் என்று முதலாளி சொன்ன வருஷம், ஊரிலேயே செம்பருத்தி போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் ஒன்றுதான் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் யாரோ நட்டது. ஆவுடையப்பன் வேலிக்கு வெளியே நின்று பென்சிலும் தாளுமாக இதழை எண்ணிக்கொண்டிருந்தபோது, “யார்ல அது, ஸ்டேஷன படம் எடுக்கிறது?” என்று கான்ஸ்டபிள் ஒரு சத்தம் போட்டார். ஓடிய ஓட்டத்தில் ஓர் இதழை இரண்டு தரம் எண்ணிவிட்டார் மனுஷன். படம் அச்சாகி வந்த அன்றைக்கே உலகம்மாள் சொன்னாள்:

“செம்பருத்திக்கு அஞ்சுதான்.”

“நல்லா எண்ணினேன் உலகு.”

“எங்க வீட்டு வேலியப் பார்த்து வளர்ந்தவட்ட சொல்லாதீக. அஞ்சு.”

“சரி, கூட ஒண்ணு இருந்தா யாருக்கு நஷ்டம்? அடுத்த அச்சுல எடுத்திருதேன்.”

அடுத்த அச்சில் எடுக்கவில்லை. லேபிளை மாற்றினால் வாங்குகிறவர்களுக்கு அடையாளம் தப்பிப் போகும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்க்கிற உலகம்மாள், பிழை என்று தனக்குத் தெரிந்த ஒரு பூவை வருஷக்கணக்காகப் புட்டிகளில் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த ஆறாவது இதழில் அவள் கண் இடறும்.

முத்திரையும் அவர் போட்டதுதான். “வட்டமா வேணும், பார்த்தா சர்க்கார் மாதிரி இருக்கணும், நடுவுல ஒரு இலை. பேர் நீயே ஏதாவது போடு” என்றார் முதலாளி. டீ கிளாஸைக் கவிழ்த்து வட்டம் போட்டு, ‘அகில பாரத இயற்கைத் தூய்மைக் கழகம்’ என்று சுற்றி எழுதிக்கொண்டு வந்தவர், ராத்திரிச் சாப்பாட்டில் அதை அவளிடம் காட்டி, “இந்தக் கழகத்துக்குத் தலைவரும் நான்தான், தொண்டரும் நான்தான். கூட்டம் நம்ம அடுப்படியில” என்றார்.

“இது என்ன இலை?” என்று கேட்டாள் உலகம்மாள்.

“அதுவா? அது பொது இலை.”

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. அவருடைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் பெட்டியில் வைத்திருந்தாள். சட்டை இருந்தது, வாசனை ஒரு மழைக்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது. இப்போது அது புட்டி புட்டியாகத் திரும்பி வந்து, கடைத்தெருவில் நடந்தால் கடைத்தெருவில், பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டுப் பெண்ணின் கொண்டையில், கோவிலுக்குப் போனால் சாமியின் காலடியில் என்று எங்கே திரும்பினாலும் அவளுக்கு முன்னால் நின்றது. கம்பெனிக்கு அவள் முன்னைவிடச் சீக்கிரம் போனாள். பூக்கிற நேரத்தில் அறையில் தனியாக இருப்பாள். காகிதம் பொட்டுப் பொட்டென்று சத்தமிட்டுத் திறக்கும். அவள் ஒவ்வொன்றாக எண்ணி, ஆறு, ஆறு, ஆறு என்று முணுமுணுப்பாள். ஒருமுறை, “கான்ஸ்டபிள் போயாச்சு, நிதானமா எண்ணுங்க” என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று வெட்கத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

ஊரில் வேறு யாரும் கவனிக்காத ஒன்றை அவள் கவனித்திருந்தாள். பக்கத்துத் தெருச் சோப்புக் கம்பெனியின் உறையில் ரோஜா உண்டு, அது கம்ப்யூட்டரில் வந்த ரோஜா, முளைக்கவில்லை. பவுடர் டப்பாவின் மல்லிகை முளைக்கவில்லை. ஆனால் மூடிப்போன ஒரு பல்பொடிக் கம்பெனியின் பழைய அட்டைப்பெட்டி, குப்பைமேட்டில் கிடந்ததில், ஒரு கிராம்புச் செடி துளிர்த்திருந்தது. அந்தக் கிராம்பும் ஆவுடையப்பன் கைதான். அப்படியென்றால் பூவுக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. இதை அறிந்தபோது அவளுக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவசியம் என்ன? அவர் வந்திருக்கிறார், வந்தது எப்படி என்று வீட்டுக்காரியா கேட்பாள்?

எண்ணெய் வடக்கேயிருந்து டிரம்மில் வரும். தண்ணீர் மாதிரி நிறமும் வாசனையும் இல்லாத எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு உறவுமுறை என்று லாரிக்காரன் சொல்வான். பேச்சி அதில் பச்சைப் பொடியும் செண்டும் போட்டுக் கலக்குவாள். கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது ரகசியமும் இல்லை, பேச்சும் இல்லை. ஆனால் பூ பூக்க ஆரம்பித்த பிறகு, கலக்கிய பேச்சிக்கே நம்பிக்கை வந்துவிட்டது. தன் மகள் முத்துச்செல்விக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்ததால், முடி அடர்த்தியாக வளரட்டும் என்று தினமும் காலையும் மாலையும் அந்தத் தைலத்தைத் தேய்த்து ஊறவைத்தாள். பெண்ணின் உச்சந்தலை சிவந்தது, பிறகு கொப்புளித்தது, பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது.

“நிறுத்து பேச்சி” என்றாள் உலகம்மாள்.

“நீங்க வேற மதினி. உள்ள இருக்கிற அழுக்கு வெளியேறுது. மூலிகைன்னா மொதல்ல எரியத்தான் செய்யும்.”

“எந்த மூலிகை? நீதான கலக்குத?”

“கலக்குதது நான்தான். பூக்குதது யாரு?” என்றாள் பேச்சி. “பூக்கிற எண்ணெய் பொய் சொல்லுமா மதினி?”

உலகம்மாளுக்குப் பதில் தெரியும். பதில் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் லேபிளைக் கிழிப்பார்கள். கிழித்தால் அவர் இன்னொரு முறை போவார். ஒருவரை இரண்டு முறை வழியனுப்பும்படி யாருக்கும் விதித்திருக்காது என்று நினைத்துக்கொண்டு, பதிலை விழுங்கிவிட்டு லேபிளை ஒட்டினாள். அன்றைக்கு முதல்முறையாக அவள் ஒட்டிய லேபிள் கோணியது. மற்றவர்கள் அதைத் திருத்தத் துணியவில்லை.

முதலாளி தவமணி அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை. தீபாவளிக்குச் சேலை எடுப்பார், சாவு வீட்டுக்கு முதலில் வந்து கடைசியில் போவார். ஆனால் பூ பூத்ததும் அவருக்குத் தன் தைலத்தைப் பற்றித் தானே அச்சடித்ததெல்லாம் உண்மை என்று பட ஆரம்பித்துவிட்டது. ‘உயிருள்ள ஒரே தைலம்’ என்று தட்டி கட்டினார். இது மலை மேலே தன்னுடைய சொந்தத் தோட்டத்தில் மட்டும் விளைகிற ஆறிதழ்ச் செம்பருத்தி என்று ஒருவரிடம் சொன்னார். இரண்டாவது ஆளிடம் சொல்லும்போது தோட்டத்துக்கு ஓர் ஓடை வந்தது. மூன்றாவது ஆளிடம் ஓடைக்கு மான் தண்ணீர் குடிக்க வந்தது. கடல் தாண்டி அனுப்ப ஓர் ஆர்டர் பேசினார். அதற்கு டீ கிளாஸ் முத்திரை செல்லாது, நிஜமான முத்திரை வேண்டும். அதைத் தரலாமா என்று பார்க்க மெர்லின் என்கிற அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் அவர் பசை மேஜைக்கே வந்தார்.

“உலகம்மா, நீ ஆரம்பத்துலேர்ந்து இங்க இருக்க. உன் வாயில பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும். அந்தம்மா கேட்டா, ஆமா, தோட்டத்துப் பூதான், என்னைக்கும் ஆறு இதழ்தான்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்.”

“நானா அண்ணாச்சி?”

“உன் வீட்டுக்காரன் வரைஞ்ச பூ. உலகம் பூராப் பூக்கப் போகுது. வேண்டாங்கியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மெர்லின் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தார். சின்ன வயசு, ஒல்லியான உடம்பு, வெயிலில் நடந்து வந்திருந்தார், கையில் பாதி குடித்த தண்ணீர்ப் புட்டி. பூத்து நின்ற அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, புட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“அண்ணாச்சி, உங்க எண்ணெய சோதிச்சுப் பார்த்தாச்சு. பெட்ரோலியத்துலேர்ந்து வர்ற எண்ணெய், சாயம், செண்ட். செடி கொடி ஒண்ணுமே இல்ல. அந்தக் கழகத்தையும் தேடினேன், அப்படி ஒண்ணு எங்கயும் இல்ல. இல்லன்னு எழுதிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். ஆனா இந்தப் பூவ என்ன செய்றது? கண்ணால பார்த்துட்டு எப்படி இல்லன்னு எழுதுறது?”

“அதத்தான் நானும் சொல்றேன் மேடம். சோதனைக்குத் தெரியாததும் உண்டுல்லா?”

“எங்க வீட்டு வேலியில செம்பருத்தி உண்டு. அஞ்சு இதழ்.”

“இது மலை ரகம் மேடம். வேணும்னா நம்ம உலகம்மாவக் கேளுங்க. பழைய ஆளு.”

எல்லாரும் பசை மேஜைப் பக்கம் திரும்பினார்கள். உலகம்மாளுக்குக் காது சுட்டது. “சொல்லுங்கம்மா, இது எங்கேர்ந்து வருது?” என்றார் மெர்லின். ஓர் ‘ஆமா’தான் வேண்டியிருந்தது. அறை முழுக்க அந்த வாசனை நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அச்சகத்திலிருந்து வந்து, கை கழுவாமல் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, இன்னைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற ஆளின் வாசனை. அவள் கண்ணை மூடினாள். திறந்தபோது, பேச்சியோடு உதவிக்கு வந்திருந்த முத்துச்செல்வி எதிரே அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வெக்கையில் தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாள். கட்டு கொஞ்சம் நழுவ, அவள் அதை அவசரமாக இழுத்து விட்டுக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

உலகம்மாள் எழுந்தாள். ஒரு லேபிளை எடுத்துப் பசை தொட்டு, மெர்லினுக்கு முன்னால் இருந்த தண்ணீர்ப் புட்டியில், அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே, நடுவை அமுக்கி இரண்டு பக்கமும் தடவி ஒட்டினாள்.

“டீ குடிச்சு முடிங்க மேடம்” என்றாள்.

டீ குடித்து முடிவதற்குள் காகிதம் உப்பியது, காம்பு வந்தது, தண்ணீர்ப் புட்டியில் செம்பருத்தி விரிந்தது.

“எண்ணெயில ஒண்ணும் இல்ல மேடம். இது எங்க வீட்டுக்காரர் கை.” அவள் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இருந்தாலும் அறையில் எல்லாருக்கும் கேட்டது. “தோட்டமெல்லாம் கிடையாது. போலீஸ் ஸ்டேஷன் வேலியில நின்னு எண்ணினாக. தப்பா எண்ணிட்டாக. செம்பருத்திக்கு அஞ்சுதான்.”

அண்ணாச்சி நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். கோபப்பட வேண்டியவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. “என்ன உலகம்மா. உன் வீட்டுக்காரன் பூவ நீயே கிள்ளிப் போட்டுட்டியே.”

பேச்சி எழுந்துபோய் மகளின் துண்டை அவிழ்த்து, எல்லார் முன்னிலையிலும் அந்தத் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

கடைகளிலிருந்து புட்டிகள் திரும்பி வந்தன. முற்றத்தில் அண்டா அண்டாவாக வெந்நீர் வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து லேபிள்களை ஊறவைத்து உரித்தார்கள். உரிக்க உரிக்கப் பூக்கள் சுருங்கி, காகிதத்துக்குள் போய், படமாகி, பிறகு கூழாகின. வெந்நீர் சிவந்தது. சாக்கடை வழியாக அது கடைத்தெருவைத் தாண்டிப் போனபோது, கடைசியாக ஒருமுறை அந்த வாசனை தெரு முழுக்க எழும்பி, பிறகு இல்லாமல் போனது. உலகம்மாளும் உரித்தாள். மற்றவர்களைவிடச் சுத்தமாக உரித்தாள், ஓரத்தில் ஒரு துணுக்குக் காகிதம் விடாமல்.

ஊருக்கு அவள்மேல் வருத்தம்தான். “முருகனுக்கு நான் இனி என்னத்தப் போடுவேன்?” என்று பூசாரி கேட்டார். ரசம் ருசிக்கவில்லை என்றார்கள். சங்கரலிங்கம் சீயக்காய்ப் பொட்டலங்களை மறுபடி மேல் தட்டுக்கு ஏற்றி வைத்துவிட்டு, தட்டு பெரிதாகத் தெரிகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கும் ஊருக்கும் ஐந்து என்றாயிற்று. ஆனால் வெள்ளூரணிக்காரர்கள் பூ வந்ததற்குப் பழகியதுபோலவே பூ போனதற்கும் பழகிவிட்டார்கள். அண்ணாச்சி படமே இல்லாத வெள்ளை லேபிளில் உள்ளே இருப்பது என்ன என்பதை மட்டும் அச்சடித்து, விலையைக் குறைத்து, கதவுக் கீலுக்கும் சைக்கிள் செயினுக்கும் கூட ஆகும் என்று சொல்லி விற்றார். அது உண்மையாகவே நன்றாக ஆயிற்று. முத்துச்செல்வியின் கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் சித்திரைக்குத் தள்ளி வைத்தார்கள்.

கடைசி அண்டாவில் போடுவதற்கு முன்னால் உலகம்மாள் ஒரு லேபிளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்படியில் உட்கார்ந்து, கத்தரியை எடுத்தாள். ‘நூறு சதவீதம் இயற்கை’யை வெட்டினாள். நூற்றெட்டு மூலிகைகளை வெட்டினாள். மலைக்குழலியை வெட்டினாள். டீ கிளாஸ் வட்டத்தையும் அந்தப் பொது இலையையும் வெட்டும்போது மட்டும் கை ஒரு கணம் நின்றது, அதையும் வெட்டினாள். பூ மட்டும் மிஞ்சியது, ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. அதை ஒரு காலி ஊறுகாய்ப் புட்டியில் ஒட்டி, நிறம் விலகிய இலைகள் மங்கிப்போயிருந்த அந்தச் சுவருக்கு அடியில், அடுப்பு மேடையில் வைத்தாள்.

மறுநாள் அது படமாகவே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஐப்பசி மழை வந்து போனது, அது படமாகவே இருந்தது. பரவாயில்லை, படமாக இருந்தால் என்ன, படமாகத்தானே வரைந்தார் என்று அவள் அதற்குப் பக்கத்தில் உப்பு ஜாடியை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி பிறந்து ஒரு காலையில், முத்துச்செல்வி பலகாரத் தூக்குடன் வந்தாள். பேச்சி கொடுத்தனுப்பியது, தெரிந்திருந்தும் முதலிலேயே சொல்லவில்லையே என்று மாதக்கணக்காகப் பேசாமல் இருந்தவள் முதலில் பணியாரத்தைப் பேச அனுப்பியிருந்தாள். பெண்ணுக்குத் தலையில் முடி வந்திருந்தது, பையன்களுக்கு இருப்பதுபோலக் குட்டையாக, கறுகறுவென்று. தூக்கை வைக்க அடுப்படிக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“அத்தை, இங்க என்ன மண்ணெண்ணெய் வாசம்?”

உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். ஊறுகாய்ப் புட்டியில் பூ விரிந்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு, சுவரில் இருந்த இலைகளைப் பார்த்தபடி. அவள் அவசரப்படாமல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

முத்துச்செல்வி விரலை நீட்டி, தொடாமல், ஒவ்வொன்றாக எண்ணினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி எண்ணினாள்.

“அத்தை, செம்பருத்திக்கு அஞ்சுன்னுதான சொன்னீக? இதுல ஒண்ணு கூட இருக்கே.”

“ஆமாட்டி” என்றாள் உலகம்மாள். “அது உங்க மாமா.”